ஐந்தாம் மாடியில் நின்ற அடிபம்பு

ஆட்களை ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இறக்கிய நாற்பத்திரண்டாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எட்டு மாடிக் குடியிருப்பின் ஐந்தாம் மாடி நடைவழியில், தனபாக்கியத்தின் கதவுக்கும் பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக் கதவுக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில் ஒரு கீறல்கூட விழாமல், அந்த அடிபம்பு நின்றுகொண்டிருந்தது. ஆற்றங்கரையில் இருந்த அதே பம்புதான். பச்சை வண்ணம் உரிந்துபோன அதே உடம்பு, கைப்பிடி உடைந்தபோது வெல்டிங் வைத்த இடத்தில் அதே வீக்கம், வாயோரத்தில் அதே துருக்கோடு. குப்பைக் கூடையை வெளியே வைக்க வந்த தனபாக்கியம் அதைப் பார்த்தாள். "வந்துட்டியா" என்றாள். குப்பைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, குடம் எடுக்க உள்ளே போனாள்.

தேங்காய்மட்டைச் சந்தில் நூற்றுப்பத்து வீடுகள் இருந்தன. மூன்று நாளில் அவற்றை இடித்துத் தள்ளி, ஆட்களை லாரிகளில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே ஒன்றரை மணி நேரத் தொலைவில், ஒன்றைப் போலவே ஒன்று நிற்கும் கட்டடங்களுக்கு முன்னால் இறக்கி, குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். குலுக்கலுக்கு யார் யாருக்கு அக்கா, யார் யாருக்குச் சண்டைக்காரி என்பது தெரியாது. முப்பது வருடம் சுவரோடு சுவர் ஒட்டி இருந்தவர்கள் வேறு வேறு கட்டடங்களுக்குப் போனார்கள். ரயில்பாலத்துக்கு அடியில் இருந்தவர்களும் கால்வாய் ஓரத்தில் இருந்தவர்களும் இவர்களுக்கு மேலேயும் கீழேயும் வந்து விழுந்தார்கள். ஒருவரை ஒருவர் படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புதுக் குழாய்களில் காற்று மட்டும் வந்தது.

அதனால் பம்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் வருகிறதா என்றுதான் கேட்டார்கள். வந்தது. லேசான உப்பும் இரும்பு வாசமும் கலந்த, ஆற்றங்கரை நிலத்தடியின் அதே தண்ணீர், அஞ்சு மாடி உயரத்தில், கையை ஓங்கி நாலு அடி அடித்ததும் கொட்டியது. அதில் தனபாக்கியம் டீ போட்டாள். குடித்தவர்கள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாளே வரிசை வந்துவிட்டது. தேங்காய்மட்டைச் சந்தில் வரிசைக்கு ஒரு முறை உண்டு. குடம் வரிசையில் இருந்தால் ஆள் இருப்பதாகவே அர்த்தம். நகப்பூச்சாலும் பெயிண்டாலும் குடத்தின் வயிற்றில் போட்ட பூவோ மீனோ எழுத்தோ குடத்துக்காரியின் முகம். போகிறவர்கள் வருகிறவர்கள் அந்தக் குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைக்கலாமே தவிர ஒரு விரல் பின்னால் தள்ளக் கூடாது. செத்துப்போனவளின் குடத்தைக்கூடப் பதினாறாம் நாள் வரை வரிசையை விட்டு எடுக்க மாட்டார்கள், அவள் முறை வரும்போது யாராவது நிரப்பி அவள் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். ரயில்பாலத்துக்காரர்களுக்கு இது தெரியாது. அவர்கள் லாரித் தண்ணீரில் வளர்ந்தவர்கள். லாரி நிற்பதற்கு முன்பே ஓடி, தாவி, குழாயை இழுத்துச் சொருகியவளுக்குத்தான் அங்கே தண்ணீர். மூன்றாம் மாடியிலிருந்து சம்பூரணம் என்பவள் இரண்டு குடத்தோடு ஓடிவந்து, இருபத்திரண்டு குடங்களைத் தாண்டிக் குதித்து, பம்பின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஏய், இன்னா ஓட்டப்பந்தயமா ஓட்ற? பின்னாடி இருக்கிறதெல்லாம் கண்ணுக்குத் தெரியலயா?" என்றாள் தனபாக்கியம்.

"யாரும் இல்லியே, கொடம்தான கீது?"

"அது கொடம் இல்லடி. அது மீனாட்சி. அது எங்க பெரிம்மா. அதோ, மூக்கு நசுங்கினது, அது நானு."

சம்பூரணம் அந்தக் குடத்தையும் தனபாக்கியத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமா, ஜாட தெரிது" என்றாள். நடைவழியே சிரித்துவிட்டது. சண்டை போடுவதற்காகப் புடவையைச் சொருகிக்கொண்டு வந்தவர்களுக்கு, சொருகியதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று சாயந்திரம் சம்பூரணம் தன் குடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு ரயில்பெட்டி வரைந்து, ஜன்னல்கூட வைத்து, வரிசையின் கடைசியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வாரம் முடிவதற்குள் கால்வாய்க்காரர்களின் வாத்துகளும் அல்லிப்பூக்களும் படிக்கட்டு வழியாக வரிசையில் ஏறி வந்தன.

ஓர் இளம் பொறியாளர் வந்தார். பம்பைச் சுற்றி வந்தார், கீழ்மாடிக்கு இறங்கிப்போய் அதன் அடியில் குழாய் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கூரையைப் பார்த்தார், வெறும் வெள்ளையடித்த கூரைதான் இருந்தது, திரும்ப மேலே வந்து மூச்சு வாங்க நின்றார். யாரோ ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். தன் படிவத்தில் இதற்கான கட்டத்தைத் தேடினார். இல்லை. 'முன்பே இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்னொரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்தப் பம்பு இன்னொன்றும் செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் பச்சையம்மாள். சந்து இருந்த இடத்தை இப்போது பூங்கா ஆக்கியிருந்தார்கள். காலையில் நடக்கிறவர்களுக்கு வளைந்த பாதை, பெஞ்சுகள், வேலி. பச்சையம்மாளுக்கு அங்கேயே பெருக்குகிற வேலை கிடைத்தது. தன் சொந்தச் சமையலறை இருந்த இடத்தைப் பெருக்குவதற்காகத் தினம் முதல் பஸ்ஸில் போய்ச் சாயந்திரம் திரும்பி வருவாள். ஒரு நாள் வந்ததும் வராததுமாக, விளக்குமாற்றைக்கூடக் கீழே வைக்காமல், வரிசையின் முன்னால் வந்து நின்றாள்.

"மீனாட்சி, எம் மருமவ என்னிய அஞ்சு மணிக்கே பஸ்ஸேத்தி வுட்றது சோறு மிச்சம் புடிக்கறதுக்கா? நீதான சொன்ன?"

மீனாட்சியின் கை பம்பிலேயே நின்றுவிட்டது. "யாருக்கா சொன்னது உனக்கு?"

"நீதாண்டி சொன்ன. காலைல எட்டு மணிக்கு, தண்ணி அடிச்சிக்கினே. அங்க பூங்காவுல பம்ப புடுங்கின எடத்துல ஒரு சாண் கொழா நீட்டிக்கினு நிக்குது பாரு, அதுக்குள்ளேந்து உங் கொரலு பளிச்சுனு வந்துச்சு. பக்கத்துல நடந்துக்கினு இருந்த ஒரு ஐயா காதுல இருந்த மிஷினக் கழட்டிட்டு நின்னு கேட்டாரு."

மறுநாள் சோதித்துப் பார்த்தார்கள். உண்மைதான். தண்ணீர் ஏறி வருகிற வழியிலேயே பேச்சு இறங்கிப் போயிற்று. கைப்பிடி ஓடிக்கொண்டிருக்கும்போது பம்பின் அருகே சொல்வதெல்லாம் அங்கே, ஒன்றரை மணி நேரத்துக்கு அப்பால், துருப்பிடித்த ஒரு சாண் குழாயிலிருந்து கேட்டது. கைப்பிடி நின்றால் பேச்சும் நின்றது. இது தெரிந்த முதல் இரண்டு நாள் எல்லோரும் கோயிலுக்குள் நிற்பதுபோல மௌனமாகத் தண்ணீர் பிடித்தார்கள். மூன்றாம் நாள் மீனாட்சி, பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருந்து எங்கேயோ போய்விட்ட கிளாராவை நினைத்து, "கிளாராக்கா, நாங்க இங்க இருக்கோம், ஈ பிளாக்கு, கடைசி ஸ்டாப்புல எறங்கி யார வேணா கேளு, எம் ஜாக்கெட்டுத் துணி உங்கிட்டதான் கீது" என்று கைப்பிடியின் தாளத்துக்கு இழுத்துச் சொன்னாள். ஒன்பதாம் நாள் கிளாரா, துணியோடு, வந்து நின்றாள்.

அதன் பிறகு ஒவ்வொருத்தியும் தன் முறையில் தண்ணீரோடு ஒரு பெயரையும் சேர்த்தே அடித்தாள். லாரியில் ஏறாமல் ஓடிப்போன அண்ணனை ஒருத்தி கூப்பிட்டாள், கப்பலுக்குப் போன புருஷனை ஒருத்தி கூப்பிட்டாள், இடித்த அன்று காணாமல்போன கறுப்பு வெள்ளை ஆட்டை ஒருத்தி அதற்குப் பழக்கமான சத்தத்தில் நாக்கைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள், ரயில்பாலத்துக்காரிகள் தங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் எப்போதாவது நடந்துபோகக்கூடும் என்று தங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்கள், கால்வாய்க்காரிகள் தங்களுடையவர்களைக் கூப்பிட்டார்கள். வெறும் விலாசமாக இருந்தது மெல்ல மெல்லப் பாட்டாயிற்று. ஒருத்தி தொடங்கினால் வரிசையில் நின்றவர்கள் கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். கடைசி ஸ்டாப்பு, ஈ பிளாக்கு, அஞ்சாம் மாடி என்பது எல்லாப் பாட்டுக்கும் பல்லவி. சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. ஆடு வரவில்லை.

தனபாக்கியம் மட்டும் யாரையும் கூப்பிடவில்லை.

அவளுக்கு ஒரே மகள். பெயர் வெண்ணிலா. தேங்காய்மட்டைச் சந்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். கல்யாண மண்டபங்களில் எச்சில் பாத்திரம் கழுவி அவளைப் படிக்க வைத்தாள் தனபாக்கியம். இரண்டாம் வருடம் நடக்கும்போது, பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிற மோகன்ராஜைக் கட்டிக்கொண்டு வெண்ணிலா வந்து நின்றாள். "நான் உசுரோட இருக்கற வரிக்கும் எம் மூஞ்சில முழிக்காத" என்றாள் தனபாக்கியம். சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வெண்ணிலா அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போனவள்தான். மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் மூஞ்சி இருந்த இடமே மாறிவிட்டது.

தனபாக்கியம் கூப்பிடாததால் மற்றவர்கள் கூப்பிட்டார்கள். அவள் குடத்தின் முறை வரும்போது யாராவது ஒருத்தி, அவள் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்க, "வெண்ணிலா, உங்கம்மா இங்கதான் கீது, நல்லாக் கீது" என்று பாடிவிடுவாள். தனபாக்கியம், "அவள எதுக்கு இழுக்கற, தண்ணிய அடி" என்பாள். ஆனால் குடம் நிரம்பி வழிகிற வரை நிறுத்தச் சொல்ல மாட்டாள்.

ஒரு புதன்கிழமை சாயந்திரம் பச்சையம்மாள் ஐந்து மாடி ஏறி வந்து நேராகத் தனபாக்கியத்தின் வீட்டுக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வெண்ணிலா வந்துச்சு, பாக்கியம். மூணு நாளா வருது. கொழா கிட்ட நின்னு கேக்குது, போவுது. இன்னிக்கிதான் கையப் புடிச்சி நிறுத்தினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஏழு மாசம்."

தனபாக்கியம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"தலப்பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்குப் போவணும்னு தேடிக்கினு வந்திருக்கு. வந்து பாத்தா ஊடு இல்ல, பூங்கா கீது. 'வாடி, கூட்டிக்கினு போறேன், இப்பவே பஸ்ஸேறு'ன்னேன். வரமாட்டேன்னுட்டுது. 'ஊரே கூப்புடுது அத்தை, மீனாட்சியக்கா கூப்புடுது, யாருன்னே தெரியாத ஒரு ரயில்பாலத்து அக்கா கூப்புடுது. எங்கம்மா கூப்புடல'ன்னு சொல்லுது. எங்க இருக்கன்னு கேட்டேன், அதையும் சொல்லல. வெள்ளிக்கிழம காலைல எட்டு மணிக்கு ஒரு தபா வருமாம். சனிக்கிழம அவரு சேலத்துக்கு, அவங்கம்மா கிட்ட கூட்டிக்கினு போறாராம்."

"போவட்டும்."

"இன்னொண்ணு கேட்டுக்க. நடக்கறவங்க யாரோ எழுதிப் போட்டிருக்காங்க, பூமிக்குள்ளேந்து பொம்பளைங்க கத்தறாங்கன்னு. சனிக்கிழம கொழாய்ல சிமிட்டி ஊத்தி அடைக்கறாங்க. என்னியதான் கலக்கச் சொல்லிக்கிறாங்க. வெள்ளிக்கிழம எங்கூட மொத பஸ்ஸுல வா. நேராப் பாரு."

"அஞ்சு மாடி எறங்கி, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸுல நின்னு, எம் முட்டி தாங்குமா?"

முட்டி தாங்காது என்பது உண்மைதான். வந்த நாளிலிருந்து லிப்ட் ஓடவில்லை, வந்த நாளிலிருந்து அவள் கீழே இறங்கவும் இல்லை. ஆனால் அது பாதிதான் என்று பச்சையம்மாளுக்குத் தெரியும். சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பது, படி இறங்குவதைவிட வலிக்கும் வயது அது.

வியாழக்கிழமை முழுவதும் தனபாக்கியம் கதவைத் திறக்கவில்லை. அவள் குடத்தை மற்றவர்கள் முன்னால் முன்னால் நகர்த்தி, நிரப்பி, கதவுக்கு வெளியே வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அவள் வந்து பம்பின் முன்னால் நின்றாள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெளியே போகிறவள்போல நல்ல புடவை கட்டியிருந்தாள். நடைவழியில் முப்பது பேர் நின்றார்கள். "எல்லாரும் கொஞ்சம் உள்ள போங்களேன்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றாள். போவதற்கு இடம் இல்லை, குடங்கள் படிக்கட்டு வரை நின்றன. அப்போது சம்பூரணம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். மீனாட்சி திரும்பினாள். ஒருவர் பின் ஒருவராக முப்பது பேரும், ஆண்கள் உட்பட, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். சம்பூரணம் முகத்தைச் சுவருக்கே வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி, கைப்பிடியைப் பிடித்து அடிக்கத் தொடங்கினாள். தண்ணீர் வந்தது. குடம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஏய்" என்றாள் தனபாக்கியம். பிறகு பம்பின் வாய்க்குப் பக்கத்தில் இன்னும் குனிந்தாள்.

"ஏய் வெண்ணிலா. நாந்தான். நின்னுக்கினா கேக்கற? நிக்காத. ஏழு மாசம் கால்ல நீர் எறங்கிடும். அங்க பெஞ்சி போட்டிருக்காங்களாம், பச்ச சொன்னா, வேப்பமரத்துக்கு இந்தாண்ட. அது நம்ம ஊடு இருந்த எடம். யாரு இன்னா கேட்டாலும் கேக்கட்டும், நீ பாட்டுக்கு உக்காரு. உக்காந்தியா?

"மூஞ்சில முழிக்காதன்னு சொன்னேன். இந்த வாயிதான் சொல்லிச்சு. நூறு பேரு கேக்கச் சொல்லிச்சு. இப்பவும் முப்பது பேரு நிக்கறாங்க, செவுத்தப் பாத்துக்கினு, கேக்காத மாதிரி. அவங்களும் கேக்கட்டும். நான் சொன்னது தப்பு. ஊடு இடிக்க வந்தப்ப அர மணி நேரம் டைம் குடுத்தாங்க. நான் இன்னா எடுத்தேன் தெரியுமா? அண்டாவ வுட்டேன், கிரைண்டர வுட்டேன், உங்கப்பா போட்டோவக் கூட மறந்துட்டேன். உம் புஸ்தகத்த மூட்ட கட்டித் தலைல வெச்சிக்கினு லாரியேறினேன். எனக்கு அதுல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நீ கோடு போட்டு வெச்ச எடத்த மட்டும் பாப்பேன்.

"அவரு ஊதுறது நல்லாத்தான் கீது. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊத்தறப்ப, சந்து மொனைல நின்னு ஊதினாரே, எனக்கு அழுவ வந்துடுச்சு. வெங்காயம் அரிஞ்சேன்னு உங்கிட்ட பொய் சொன்னேன். சேலத்துக்கு அப்புறமா போங்க. அவங்கம்மா கோச்சிக்க மாட்டாங்க, நான் பேசிக்கறேன். மொதப் புள்ள எங்கிட்டதான் பொறக்கணும். நான் கூப்பட்றேன். உங்கம்மா கூப்பட்றேன். கேட்டுச்சா? கேக்கலன்னா இன்னொரு தபா சொல்றேன். எத்தினி தபா வேணாலும் சொல்றேன்."

அவள் சொன்னாள். இன்னொரு தடவையும், அதற்குப் பிறகு இன்னொரு தடவையும் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் உட்காரச் சொல்லித் தொடங்கினாள். கொட்டிய தண்ணீர் நடைவழியில் ஓடி, முப்பது பேர் பாதங்களை நனைத்து, படிப்படியாக நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் கீழேயும் இறங்கிப் போனது. கீழே யாரும் ஏன் தண்ணீர் வருகிறது என்று சத்தம் போடவில்லை. சம்பூரணத்தின் கை ஓய்ந்ததும் மீனாட்சி, அவள் ஓய்ந்ததும் கிளாரா, யாரும் திரும்பிப் பார்க்காமலே கைப்பிடியை வாங்கி வாங்கி அடித்தார்கள்.

சாயந்திரம் பச்சையம்மாள் வந்து சொன்னாள். வெண்ணிலா பெஞ்சில் உட்கார்ந்தாளாம். முதல் தடவை கேட்டுச் சிரித்தாளாம், இரண்டாம் தடவை அழுதாளாம், மூன்றாம் தடவை அம்மா சொல்லச் சொல்ல வாய்க்குள்ளேயே கூடச் சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறாளாம்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பம்பு ஒரு முறை இருமிவிட்டு நின்றது. பிறகு எத்தனை அடித்தாலும் காற்றுகூட வரவில்லை. அங்கே பச்சையம்மாள் தன் கையாலேயே சிமெண்டைக் கலக்கி, சட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். ஊற்றுவதற்கு முன்னால் குழாயில் வாயை வைத்து ஏதோ சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. கைப்பிடி ஓடாத நேரம், இங்கேயும் யாருக்கும் கேட்கவில்லை.

தண்ணீர் போனதைப் பற்றிப் பேச அன்று யாருக்கும் நேரம் இல்லை. ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண் ஐந்து மாடி ஏறுவதா என்பதுதான் எட்டு மாடிகளிலும் பேச்சாக இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கலாம் என்றார்கள் கால்வாய்க்காரர்கள். பாதிப் படியில் விட்டுவிட்டால் என்ன செய்வது என்றார்கள் ரயில்பாலத்துக்காரர்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தனபாக்கியம் சொன்னாள்: "அவ ஏற வேணாம். நான் எறங்கறேன்."

"எறங்கி? திரும்ப எப்படி ஏறுவ?" என்றாள் மீனாட்சி.

"அத அப்புறம் பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கதவைத் திறந்தபோது, படிக்கட்டு திரும்புகிற ஒவ்வோர் இடத்திலும் அந்தந்த மாடிக்காரர்கள் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு சிவப்புப் பிளாஸ்டிக், ஒரு மடக்கு இரும்பு, கை உடைந்த ஒன்று, கல்யாண மண்டபத்தின் பெயர் எழுதிய ஒன்று. தனபாக்கியம் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒரு படி இறங்கினாள், நின்றாள், இன்னொரு படி இறங்கினாள். திருப்பத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஒவ்வொரு படிக்கும் முட்டி ஒன்று சொன்னது, ஒவ்வொன்றுக்கும் அவள் திருப்பி ஒன்று சொன்னாள். பின்னாலேயே ஐந்தாம் மாடி இறங்கியது, அதற்குப் பின்னால் ஆறும் ஏழும் எட்டும்.

கீழே பஸ் வந்துவிட்டது. வெண்ணிலா யாருக்கும் காத்திருக்கவில்லை. கீழே நின்றவர்கள் இரும்மா இரும்மா என்று சொல்லச் சொல்ல, பக்கவாட்டில் கையூன்றி அவள் ஏறத் தொடங்கியிருந்தாள். அவள் பின்னால் இரண்டு பைகளோடு மோகன்ராஜ் வந்தான், அவன் பின்னால் ஒன்றாம் மாடியும் இரண்டாம் மாடியும் ஏறின.

மூன்றாம் மாடித் திருப்பத்தில், மேலே போகவும் முடியாமல் கீழே போகவும் முடியாமல் கூட்டம் நின்றது. நடுவில் அவர்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"உன்ன யாரு எறங்கச் சொன்னது?" என்றாள் வெண்ணிலா.

"உன்ன யாரு ஏறச் சொன்னது?" என்றாள் தனபாக்கியம்.

தனபாக்கியத்தின் கை மகளின் முகத்துக்குப் போகப் பார்த்து, வழியில் மனசு மாறி, அவள் தோளில் விழுந்திருந்த பையின் வாரைச் சரிசெய்தது, பிறகு அங்கேயே இருந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் மேலேயும் கீழேயும் நின்றார்கள். ஒருத்தரும் நகரச் சொல்லவில்லை.

சம்பூரணம் தன் வீட்டுக்குள் போய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து, அங்கே இருந்ததன் பக்கத்தில் போட்டாள். பிறகு, மூன்று படி கீழே பைகளோடு தலை குனிந்து நின்றவனைப் பார்த்தாள், தனபாக்கியத்தைப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு என்னியப் பாத்துக்கினு நிக்கற?" என்றாள் தனபாக்கியம். "எடம் இருக்குதில்ல. இன்னொண்ணு போடு."